காணாக்கடி

முதலில் கைக்கடிகாரத்துக்கு அடியில்தான் அரித்தது. இந்துஜா கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, வார் இருந்த இடம் முழுக்க வளையல் போட்ட மாதிரி சிவந்து தடித்திருந்தது. வியர்வையாக இருக்கும் என்று கடிகாரத்தைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். சில நாளில் கைப்பையின் வார் பட்ட தோள் தடித்தது. அப்புறம் காற்சட்டையின் இடுப்புப் பட்டை, அலுவலக மேசை விளிம்பில் ஊன்றிய முழங்கை. எது தொட்டதோ அதன் வடிவத்திலேயே தோல் எழும்பியது. அரிப்புத் தாங்காமல் சொறிந்தால், நகம் போன வழியெல்லாம் கயிறு கயிறாக வீங்கியது. வீங்கிய இடம் இன்னும் அரித்தது. கொஞ்ச நேரம் படுத்தி எடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி எல்லாம் அடங்கிப்போகும்.

இந்த அடங்கிப்போகிற குணம்தான் அவளுக்கு வினையாக அமைந்தது. கிளினிக்கில் தன் முறைக்குக் காத்திருந்து உள்ளே போகும்போது கையில் காட்ட எதுவும் இருக்காது. மருத்துவர் தலையை நிமிர்த்தாமலே மஞ்சள் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இறால் சாப்பிடாதீர்கள் என்றார். அந்த மாத்திரையைப் போட்ட மறுநாள், சுபாங் ஜெயாவில் அவள் வேலை பார்க்கும் காப்புறுதி அலுவலகத்தில், வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் கத்திக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கிவிட்டது. அதோடு மாத்திரையை நிறுத்தினாள்.

கிள்ளானில் அவள் புகுந்த வீட்டில், மாமியார் வீரம்மாவுக்கு மருத்துவரெல்லாம் தேவைப்படவில்லை.

"இது காணாக்கடி" என்றார் பார்த்தவுடன். "கண்ணுக்குத் தெரியாதது ஏதோ கடிச்சிருக்கு. அந்த வெஷம் எறங்கற வரைக்கும் இப்படித்தான்."

விஷத்தை இறக்கும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். கொதிக்கக் கொதிக்க உப்பு நீரில் குளியல். வேப்பிலையை அரைத்து முதுகெல்லாம் தேய்ப்பு. அந்தச் சூட்டிலும் தேய்ப்பிலும் உடம்பு இன்னும் மோசமாக எரிந்தது. கத்திரிக்காய், கருவாடு, முட்டை, வேர்க்கடலை என்று ஒவ்வொன்றாக அவள் தட்டிலிருந்து காணாமல் போயின. இந்துஜாவின் துண்டும் போர்வையும் தனிக் கொடிக்குப் போயின.

"தொத்திக்கிச்சுன்னா யார் பாக்கறது? என் மவன் நைட் ஷிப்ட் போறவன்."

இந்துஜா பதில் பேசவில்லை. நான்கு வருடங்களாக அந்த வீட்டில் அவள் கற்றுக்கொண்டது அது.

அவள் பிரிக்பீல்ட்ஸ் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். தாத்தா ரயில்வேயில் அதிகாரி, அப்பா முத்துக்குமாரு கல்வி இலாகாவில் அதிகாரி, அண்ணன் பிரகலாதன் கணக்காய்வாளர். கணவன் தனேஷோ கேரி தீவு எஸ்டேட்டில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டியவரின் மகன். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். பல்கலைக்கழகத்தில் பழகி, இவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் வீட்டில் சொன்ன அன்று அப்பா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பேசியது அண்ணன்தான்.

"எஸ்டேட் ஆளுங்க, இந்து. குடிப்பான், அடிப்பான். அவங்களுக்கு அது சாதாரணம்லா. நாளைக்கு அழுதுகிட்டு வந்து நிக்காத."

அவள் அழுதுகொண்டு போய் நிற்கவில்லை. நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே எத்தனையோ விஷயங்களைப் பிறந்த வீட்டில் சொல்லாமல் விட்டாள். உடம்பு அரிக்கிறது என்பதையும் சொல்லவில்லை. சொன்னால், அந்த வீட்டுச் சாப்பாடு, அந்த வீட்டுத் தண்ணீர் என்று அண்ணன் தொடங்கிவிடுவான்.

அப்பாவின் இரண்டாவது திவசம் சனிக்கிழமை வந்தது. அன்று காலை தனேஷ் ஷிப்ட் முடிந்து வந்து காலணியைக் கழற்றும்போதே அவள் புடவை கட்டித் தயாராக இருந்தாள்.

"நீயும் வாயேன்" என்றாள். "சாப்பிட்டுட்டு உடனே வந்துடலாம்."

"உங்க வீட்டுல எனக்கு வாசல் பக்கம் ஒரு நாற்காலி போடுவாங்க. அதுல உக்காரத்தான் வரணுமா?"

"அப்பாவுக்காக வரக்கூடாதா?"

"உங்கப்பா உயிரோட இருந்தப்ப என்கூட ஒரு வார்த்த பேசியிருக்காரா?"

அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் அவளுக்குச் சுருக்கென்றது. கை தானாகக் கழுத்துக்குப் போய்ச் சொறியத் தொடங்கியது. தனேஷ் அதைப் பார்த்தான். தூங்காத கண்கள் சிவந்திருந்தன.

"இதோ ஆரம்பிச்சிட்ட. பகல்ல தூங்கறவன் பக்கத்துல வந்து சர்ரு சர்ருன்னு சொறியற. நான் ஹால்ல போய்ப் படுத்தும் அந்தச் சத்தம் காதுல கேக்குது. ஒண்ணு ஒழுங்கா ஒரு டாக்டரப் பாரு. இல்ல, உங்க வீட்டுலயே இருந்து சொறிஞ்சிக்க."

அவள் கதவை அறைந்து சாத்திவிட்டுக் கிளம்பினாள். உள்ளேயிருந்து வீரம்மா, "கதவு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டது தெரு வரைக்கும் கேட்டது.

கொமுட்டர் ரயிலில் உட்கார இடமில்லை. கோபத்தில் உடம்பு சூடேற, சூட்டில் அரிப்புக் கிளம்பியது. புடவை கட்டிக்கொண்டு நாலு பேர் நடுவில் நின்று சொறிய அவளுக்குக் கூச்சம். சொறியாமல் அழுத்திப் பிடித்தால் தேவலை என்று அலுவலகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஜாக்கெட் கைக்குக் கீழே, இடது புஜத்தை வலது கையால் இறுக்கிப் பிடித்து அழுத்தித் தேய்த்துக்கொண்டே கே.எல். சென்ட்ரல் வரைக்கும் நின்றாள். அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு நடந்தாள்.

அடுப்படியில் முதலில் பார்த்தது அண்ணி வசுந்தராதான். பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்த கரண்டி நின்றது.

"இந்து, கையில என்ன அது?"

இந்துஜா குனிந்து பார்த்தாள். புஜத்தின் வெளிப்பக்கம் நான்கு விரல்கள், உள்பக்கம் ஒரு கட்டை விரல். வீங்கித் தடித்ததில் அவள் விரல்களைவிடப் பருமனாக, ஒரு ஆணின் கை பிடித்து உலுக்கிய மாதிரியே சிவப்பாக எழும்பி நின்றது. கழுத்தில் நகக் கீறல்கள்.

"அம்மா, இங்க வந்து பாருங்க!" வசுந்தராவின் குரல் கூடம் வரைக்கும் போனது. அம்மா வந்தார். அம்மாவுக்குப் பின்னால், ஐயரை அப்போதுதான் வழியனுப்பிவிட்டு, ஈர வேட்டியோடு பிரகலாதன் வந்தான். தங்கையின் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

"யாரு பண்ணது?"

சொல்லியிருக்கலாம். யாருமில்லை என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல் அவள் வாயில் இருந்தது. ஆனால் நான்கு வருடத்தில் இந்த வீட்டில் யாரும் அவளை ஒன்றும் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்பதைத் தாண்டி ஒரு கேள்வி வந்ததில்லை. இன்றைக்கு அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அண்ணி தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலையில் தனேஷ் பேசியது இன்னும் காதுக்குள் இருந்தது. அந்த அணைப்பில் ஒரு நொடி சாய்ந்துகொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வாயைத் திறக்காமல் தரையைப் பார்த்தாள்.

பிரகலாதனுக்கு அந்த ஒரு நொடியே போதுமானதாக இருந்தது.

"எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்."

"இல்லண்ணா" என்றாள் அவசரமாக. "யாரும் ஒண்ணும் பண்ணல. எனக்குத் தோல்ல ஒரு பிரச்சின. எங்க தொட்டாலும் தடிக்குது. ரயில்ல நானே பிடிச்சேன்."

"நீயே பிடிச்ச?"

"ஆமா."

அவன் சிரித்தான். "எல்லாப் பொம்பளைங்களும் இதத்தான் சொல்றாங்க. படியில விழுந்தேன், கதவுல இடிச்சிக்கிட்டேன். நீ கொஞ்சம் புதுசா யோசிச்சிருக்க, அவ்வளவுதான்." கைபேசியை எடுத்துப் புஜத்தை இரண்டு மூன்று படம் எடுத்தான். அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், விடவில்லை. பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு கார்ச் சாவியோடு வந்தான்.

"அண்ணா, நில்லுங்க. கொஞ்ச நேரம் இருந்தீங்கன்னா இது தானாப் போயிடும். நீங்களே பாப்பீங்க."

"எல்லாம் போயிடும். அப்புறம் அடுத்த தடவ வரும்." இலை போட்டிருந்த கூடத்தைத் தாண்டி, செருப்பை மாட்டிக்கொண்டு போயே விட்டான்.

இந்துஜா தனேஷை அழைத்தாள். ஷிப்ட் முடிந்து வந்தால் கைபேசியை ஊமையாக்கிவிட்டுத்தான் படுப்பான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணனை அழைத்தாள்; அவன் துண்டித்தான். அவள் புஜத்தில் இருந்த விரல் தடங்கள் அதற்குள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. சுண்டு விரல் முதலில் கரைந்தது. பிறகு ஒவ்வொன்றாக.

"அம்மா, பாருங்க. இங்க பாருங்க. அடிச்ச தடம் இப்படி மறையுமா?"

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தடவிப் பார்த்தார். தோல் வழவழவென்று இருந்தது.

"ஓம், தணிஞ்சிட்டுது" என்றார்.

"அண்ணாவக் கூப்பிட்டுச் சொல்லுங்க. நீங்க கூப்பிட்டா எடுப்பாரு."

அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "அவன் போய் ஒருக்காக் கேக்கட்டும், பிள்ளை. கேட்டா என்ன குறைஞ்சா போகும்? எங்கட பக்கமும் ஆள் இருக்கெண்டு அவங்களுக்குத் தெரிய வேணும்."

இந்துஜாவுக்கு அந்த வீட்டில் நிற்கப் பிடிக்கவில்லை. கிராப் வாடகைக் கார் பிடித்துக் கிள்ளானுக்குக் கிளம்பினாள். நெடுஞ்சாலை முழுக்க நெரிசல்.

அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தெருவை மறித்துக்கொண்டு அண்ணனின் வெள்ளைக் கார் நின்றது. தனேஷ் கைலியும் பனியனுமாகக் கேட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். கீழுதடு கிழிந்து பனியனில் ரத்தம். பிரகலாதன் எதிர்ச் சுவரோரம் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருவருக்கும் நடுவில் பக்கத்து வீட்டுக் கன்னையா, முன்பு பஸ் ஓட்டியவர், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"கேட்ட ஒடைக்கற மாதிரி தட்டினாரு, தங்கச்சி" என்றார் அவர். "இவன் தூக்கக் கலக்கத்துல வந்து தெறந்தான். ஒரு வார்த்த பேசல, பளார்னு அறைஞ்சிட்டாரு. மறுபடி கை ஓங்கறப்ப இவன் தள்ளிவிட்டான். அவரு செவுத்துல போய் விழுந்தாரு. நான் பாத்தது இதான். யார் கேட்டாலும் இதான் சொல்லுவேன்."

வீரம்மா வாசலில் நின்று தெருவுக்கே கேட்கக் கத்திக்கொண்டிருந்தார். இந்துஜாவைக் கண்டதும் குரல் இறங்கியது. அது இன்னும் மோசமாக இருந்தது.

"நீதான் சொல்லி அனுப்பினியா?"

"இல்லத்த."

"பின்ன அவனுக்கு யார் சொன்னா? என் மவன் உன்மேல கை வச்சிருக்கானா? இந்த நாலு வருஷத்துல ஒரு நாள்? சொல்லு, தெருவே கேக்கட்டும்."

"வச்சதில்ல" என்றாள் இந்துஜா. சத்தமாகவே சொன்னாள். "அண்ணா, கேட்டுக்குங்க. ஒரு நாளும் வச்சதில்ல. இங்க பாருங்க, கையில ஒண்ணும் இல்ல."

பிரகலாதன் கையைப் பார்க்கவில்லை. "நான் போலீஸக் கூப்பிட்டாச்சு. படம் இருக்கு. இனி அவங்க பாத்துக்குவாங்க."

போலீஸ் வந்தது. புகார் கொடுத்தது அண்ணன். அடித்ததாகச் சொல்லப்பட்டது கணவன். அடிபட்டதாகச் சொல்லப்பட்டவளோ அடிபடவில்லை என்கிறாள். முக்காடிட்ட மலாய்ப் பெண் அதிகாரி படத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாம், அதுதான் எல்லாருக்கும் நல்லது என்று மலாயில் சொன்னார்.

அவசரப் பிரிவில் அவளைப் பார்த்தவர் டாக்டர் ஷபானா, இளவயது, தமிழ் பேசுகிறவர். களைத்த முகம். மற்றவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டார். பிறகு நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இந்துஜா, வீட்டுல யாராவது உங்கள அடிக்கிறாங்களா? பயமுறுத்தறாங்களா? நீங்க இப்ப என்கிட்டத்தான் பேசறீங்க. வெளிய நிக்கறவங்களுக்கு இல்ல."

இந்தக் கேள்வி வந்தால் எரிச்சல்தான் வரும் என்று இந்துஜா நினைத்திருந்தாள். அழுகை வந்தது. காலையிலிருந்து எல்லாரும் அவளுக்கு என்ன நடந்தது என்று அவளிடமே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பெண் கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"இல்ல, டாக்டர். சண்ட போடுவோம். அடிச்சதில்ல." பிறகு கைக்கடிகாரத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரை, உப்புத் தண்ணீர், வேப்பிலை, ரயில். டாக்டர் குறுக்கே பேசவில்லை.

"கடைசியா மாத்திர எப்பப் போட்டீங்க?"

"நிறுத்தி ரொம்ப நாளாச்சு."

"நல்லதாப் போச்சு, இப்பச் சோதிச்சுப் பாக்கலாம்." பேனாவின் மூடிய முனையால் அவள் முன்கையில் ஒரு கோடு இழுத்தார். முதலில் வெள்ளையாக இருந்தது, பிறகு சிவந்தது. டாக்டர் மற்ற கேள்விகளைக் கேட்டார். உதடு, நாக்கு வீங்கியிருக்கிறதா, மூச்சு முட்டியிருக்கிறதா, வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறாளா. கேட்டு முடிக்கும்போது கோடு தாம்புக் கயிறு போலத் தோலுக்கு மேலே எழும்பியிருந்தது. இந்துஜாவுக்கு அதைச் சொறியாமல் இருப்பதே பெரும்பாடாக இருந்தது.

"இதுவும் ஒரு வகைக் காணாக்கடிதான். தோலத் தேய்ச்சா, கீறினா எழும்பற வகை. உங்க தோலுக்குள்ள இருக்கற செல்லுங்க சின்ன உரசலுக்கே பயந்துபோய் ஹிஸ்டமைனக் கொட்டுது. அதான் வீக்கம், அதான் அரிப்பு."

"எது கடிச்சு வந்துச்சு? என்ன சாப்பிட்டு?"

"எதுவும் கடிக்கணும்னு இல்ல. சாப்பாடும் பெரும்பாலும் காரணம் இல்ல. நெறையப் பேருக்கு ஏன் வருதுன்னே தெரியாது. ரத்தம் எடுத்துத் தைராய்டு பாத்துக்கலாம்; ஆனா காரணம் கெடைக்கலன்னா ஆச்சரியப்படாதீங்க."

யாரும் காரணமில்லை என்பது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. வெளியே இத்தனை பேர் நிற்கிறார்களே, ஆளுக்கொரு காரணத்தோடு.

தூக்கம் அதிகம் வராத மாத்திரை எழுதித் தருவதாக டாக்டர் சொன்னார். "அரிக்கற அன்னைக்கு மட்டும் இல்ல, தினமும் போடணும். இது வர்றதுக்கு முன்னாடியே தடுக்கறதுக்கு. ரெண்டு வாரத்துல போதலன்னா வாங்க, அளவக் கூட்டலாம். நீங்களாக் கூட்டாதீங்க. சூடான தண்ணி வேணாம், உப்பும் வேணாம். தளர்வாப் பருத்தித் துணி போடுங்க, அகலமான வார் வச்ச பை பாருங்க. அரிச்சா ஈரத் துணிய ஒத்துங்க. ஆனா உதடு, நாக்கு வீங்கினா, மூச்சுக்குக் கஷ்டமா இருந்தா, ஒரு நிமிஷம்கூட யோசிக்காம இங்க வந்துடணும்."

இந்துஜா தலையாட்டினாள். "டாக்டர், எங்கண்ணாகிட்ட இத நீங்க சொல்வீங்களா? நான் சொன்னா நம்பமாட்டாரு."

வெளியே நடைவழியின் ஒரு முனையில் பிரகலாதன். மறு முனையில், உதட்டில் பஞ்சு வைத்துக்கொண்டு, தனேஷ். டாக்டர் கோட்டைக் காட்டி விளக்கினார். பிரகலாதன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"ஓகே, டாக்டர். தோல் வியாதி இருக்கு. நான் இல்லன்னு சொல்லல. ஆனா என் போன்ல இருக்கறது பேனாக் கோடு இல்ல. அஞ்சு வெரலு. வியாதி இருக்கறவள அடிக்கக்கூடாதுன்னு சட்டம் ஏதும் இருக்கா? ரெண்டும் இருக்கலாம் இல்ல?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் இந்துஜா முன்னால் வந்தாள். அண்ணனின் முகத்துக்கு நேராக இடது புஜத்தைத் தன் வலது கையால் இறுக்கிப் பிடித்தாள். பிடித்து, காலையில் ரயிலில் செய்த மாதிரி அழுத்தித் தேய்த்தாள். கையை எடுத்துவிட்டு அவனுக்கு எதிரே இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள்.

"உக்காருங்கண்ணா. இந்தத் தடவ போயிடாதீங்க."

போலீஸ் அதிகாரியும் எட்டிப் பார்த்தார். முதலில் மங்கலாக ஒரு சிவப்பு. பிறகு அதில் ஓரங்கள் தெரிந்தன. ஓரங்கள் உயர்ந்தன. நான்கு விரல்கள் பக்கத்தில் பக்கத்தில் பருத்து எழும்பி, உள்பக்கம் கட்டை விரலும் வந்தது. பிரகலாதனின் கைபேசியில் இருந்த அதே கை. தனேஷ் அந்த முனையிலிருந்து நடந்து வந்து அதைப் பார்த்தான். இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்தும் அவன் அதைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான்.

பிரகலாதன் வெகுநேரம் பார்த்தான்.

"சரி" என்றான் கடைசியில். "ஆனா அவன் என்னத் தள்ளினான். என் முழங்கையப் பாரு."

தனேஷ் சிரித்துவிட்டான். உதட்டுக் காயம் இழுத்து ரத்தம் வந்தது.

புகாரை மேற்கொண்டு கொண்டுபோக வேண்டாம் என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். பிரகலாதன் தன் காரில் ஏறிப் போனான். மன்னிப்பு என்கிற சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. இந்துஜாவும் தனேஷும் ஒரு கிராப்பில் ஏறினார்கள். பாதி வழியில்தான் தனேஷ் வாயைத் திறந்தான்.

"உங்கண்ணன் கேட்டப்ப நீ உடனே இல்லன்னு சொன்னியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்குத் தெரிய வழியில்லை.

"உடனே சொல்லல. கொஞ்சம் சும்மா இருந்தேன்."

"ஏன்?"

"உன்மேல கோவம்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்கப்புறம் பல நாட்கள் அவள் கேட்டதற்கு மட்டும்தான் பதில். சாப்பாடு எடுத்து வைத்தால் சாப்பிட்டான். வைக்காவிட்டால் தானே போட்டுக்கொண்டான். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணன் கேட்டபோது வாய் திறக்காமல் இருந்ததற்கு அவள் மன்னிப்புக் கேட்டாள், ஒரே ஒரு தடவை. அதற்கு மேல் கெஞ்ச மனம் வரவில்லை. உங்க வீட்டுலயே இருந்து சொறிஞ்சிக்க என்று சொன்னவன் அவன்தானே.

மாத்திரை வேலை செய்தது. முதல் சில நாள் பெரிய மாற்றம் இல்லை. பிறகு ஒரு நாள் மதியம் வேலையில், காலையிலிருந்து ஒரு தடவைகூடச் சொறியவில்லை என்று திடீரென்று உணர்ந்தாள். வீட்டில் வீரம்மா உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தபோது, "வேணாம்த்த, இனிமே வேணவே வேணாம்" என்று அடுப்பை அவளே அணைத்தாள். அன்று கத்திரிக்காய்க் குழம்பு வைத்துச் சாப்பிட்டாள். வீரம்மா எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வாய்க்கும் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் எழும்பவில்லை.

"இன்னைக்கு வரல. நாளைக்கு வரும், பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அது நாளைக்கு வரவில்லை. வந்தது டொரோண்டோவிலிருந்து ஒரு அழைப்பு. ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி, வருடத்துக்கு ஒரு முறைகூடப் பேசாதவள்.

"இந்து, நாங்க எல்லாரும் உன் பக்கம்தான். நீ அவன விட்டுட்டு வந்துடு, பாத்துக்கலாம். அந்தப் படத்தப் பாத்ததிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல."

"எந்தப் படம்?"

அண்ணன் அன்றைக்கே, கிள்ளானுக்குக் கிளம்பும் முன்பே, குடும்பக் குழுவில் போட்டிருந்தான். அவள் இல்லாத இன்னொரு குழு. கொழும்பு, லண்டன், சிட்னி என்று எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

மறுநாள் அவள் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். அண்ணன் கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, அந்தக் குழுவுல உண்மையப் போடுங்க."

"என்னன்னு போடறது? தெரியாம அறைஞ்சிட்டேன்னா?"

"ஆமா. அதத்தான் போடணும்."

"விடு, இந்து. நாளாச்சு. எல்லாரும் மறந்திருப்பாங்க."

"நேத்து ஒருத்தி என்ன விவாகரத்துப் பண்ணச் சொல்றா. யாரு மறந்தா?" அவள் அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்க பாத்தீங்க. உங்க கண்ணு முன்னால மறைஞ்சுது. நீங்களாவது சொல்லுங்க."

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு என்ன தெரியும், பிள்ளை. நான் அந்த நேரம் கண்ணாடி போட்டிருந்தனோ இல்லையோ."

பிரகலாதன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான்.

"இங்க பாரு. அன்னைக்கு அவன் அடிக்கல. சரி, ஒத்துக்கறேன். நாளைக்கு அடிக்கமாட்டான்னு உன்னால சொல்ல முடியுமா? அப்ப நீ இங்கதான வந்து நிப்ப? அதுக்கு இந்தப் படம் இருக்கட்டும்."

"நீங்க அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கீங்க" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "உண்மையாவே ஒரு நாள் யாராவது என்ன அடிச்சா, இந்த வீட்டுக்கு வரமாட்டேண்ணா. அந்த டாக்டரம்மாகிட்டப் போவேன். அவங்க என்னக் கேப்பாங்க. நீங்க கேக்க மாட்டீங்க. முடிவு பண்ணிட்டுத்தான் கைய வெளிச்சத்துல பிடிப்பீங்க. நான் அன்னைக்கு ஒரு நொடி சும்மா இருந்தது என் தப்பு. அத எங்க வேணும்னாலும் சொல்லுவேன். மிச்சம் எல்லாம் உங்களோடது."

"யாருகிட்டப் பேசறன்னு தெரியுதா?" என்று அவன் எழுந்தான். அவள் நின்று கேட்கவில்லை.

ரயிலில் உட்கார்ந்து, டொரோண்டோ அக்காவுக்கு நடந்தது முழுவதையும் எழுதினாள். எல்லாருக்கும் காட்டச் சொல்லி, ஆஸ்பத்திரியில் எடுத்து வைத்திருந்த பேனாக் கோட்டின் படத்தையும் சேர்த்து அனுப்பினாள். கிள்ளான் வருவதற்குள் பதில் வந்தது. 'புரியுது கண்ணா. நீ எந்த நிலைமைல இத எழுதறன்னு எங்களுக்குத் தெரியும். தைரியமா இரு.' கூடவே இரண்டு கூப்பிய கைகள்.

வீட்டில் தனேஷ் ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவள் கைபேசியை அப்படியே அவனிடம் நீட்டினாள். அவன் அவள் எழுதியதை முதலிலிருந்து படித்தான். ஒரு நொடி சும்மா இருந்ததையும் அவள் எழுதியிருந்தாள். பதிலையும் படித்தான்.

"நம்பல" என்றான்.

"நம்பமாட்டாங்க."

"அந்த வீட்டு வாசப்படிய நான் இனிமே மிதிக்கமாட்டேன், இந்து. நீ கூப்பிடாத."

"கூப்பிடமாட்டேன். நானும் போகல."

அவன் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேட்டைத் திறந்து மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளினான். கிளப்புவதற்கு முன், "மாத்திர போட்டியா?" என்று கேட்டான். கேள்வியில் கனிவு ஒன்றும் இல்லை. ஆனாலும் அத்தனை நாளில் அவன் தானாக அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. போட்டேன் என்றாள்.